உள்ளூர் குதிரைப்படை

எங்கள் கம்பெனியில் அவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவரைவிட வயதில் மூத்தவரான மேனேஜரும் அக்கா என்றே கூப்பிட்டார். கேளம்பாக்கம் போகும் சாலையில், ஒரு கண்ணாடிக் கட்டிடத்தின் மேல்தளத்தில் இருந்தது அந்தக் கம்பெனி. வெளிநாட்டுக்காரர்கள் தயாரிக்கும் கம்ப்யூட்டர் கேம்களுக்கு வேண்டிய உருவங்களை நாங்கள் செய்து அனுப்புவோம். கோட்டை கேட்டால் கோட்டை, பூதம் கேட்டால் பூதம். அக்கா மனித உருவங்கள் செய்பவர். நான் ஷெட்யூல் பார்ப்பவள். யார் எந்த வேலையை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று கட்டம் போடுவதும், முடிக்காதவர்களின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பதும் என் பிழைப்பு. கரூரிலிருந்து வந்து கூடுவாஞ்சேரியில் அறை எடுத்துத் தங்கியிருந்த எனக்கு, அந்தப் பக்கத்தில் முதலில் நன்றாகப் பழகியது அக்காவின் முதுகுதான்.

அந்த முதுகு அவசரப்படாது. மேசை ஓரத்தில் ஒரு டப்பா நிறைய வேர்க்கடலை இருக்கும். உடைத்து வாயில் போட்டுக்கொண்டே திரையில் ஒரு மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருப்பார். கடலைத் தோலை மேசை இழுப்பறையில் போடுவார். அதைத் திறந்தால் பறவைக்கூடு மாதிரி இருக்கும். மதுராந்தகத்திலிருந்து ரயிலில் கூடுவாஞ்சேரி வந்து, அங்கிருந்து கம்பெனி வேனில் ஏறுவார். கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். அதைப் பார்த்து அவர் எதையும் செய்ததாக எனக்கு நினைவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவரிடம் திட்டு வாங்கினேன். நான் அனுப்பிய கட்டத்தைத் திரையில் காட்டி, "இன்னாம்மா இது? 'ரெண்டு ரிசோர்ஸ் தேவை'ன்னு எழுதிக்கினு கீற. ரிசோர்ஸுன்னா யாரு?" என்றார்.

"நீங்களும் பக்கத்து சீட் அண்ணனும்தான்க்கா."

"அப்ப அப்படி எழுது. தண்ணி, கரி, இரும்பு, அதெல்லாந்தான் ரிசோர்ஸு. எனக்குப் பேரு கீது."

நான் மாற்றி எழுதினேன். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டுப் பழையபடியே எழுதச் சொன்னார். கடைசியில், எல்லாருக்கும் போகும் கட்டத்தில் ரிசோர்ஸ் என்றும் அக்காவுக்குப் போகும் கட்டத்தில் பெயர் போட்டும் இரண்டாக அனுப்பத் தொடங்கினேன். அவர் அந்தக் கம்பெனியில் இருந்தவரை அது அப்படியே நடந்தது.

கூட்டம் என்று ஒன்று அக்காவின் கண்ணுக்குத் தெரியாது. கூட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு ஆளும் தெரிவார். சினிமாவுக்கு அவரோடு போனால் நிம்மதியாகப் படம் பார்க்க முடியாது. கதாநாயகன் அடித்து நாற்பது பேர் பறந்தால், "அந்த மூலையில ஒருத்தன் வுழுந்தானே, பச்ச சட்ட, அவன் எழுந்தானா?" என்று கேட்பார். வேன் ஓட்டுநருக்குச் சர்க்கரை எவ்வளவு, வாசலில் நிற்கும் செக்யூரிட்டி எந்த ஊரில் ஆடு வைத்திருக்கிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்துகொள்ளும் வழி சில நேரம் சங்கடமாக இருக்கும். எப்போதாவது சேர்ந்து ரயிலில் போனால், எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம், "இன்னாத்துக்கு அழுதுகினு வர்ற?" என்று நேராகக் கேட்டுவிடுவார். பக்கத்தில் இருக்கும் நான் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன்.

ஒருமுறை கம்பெனியின் ஆண்டு விழாவுக்கு எல்லாரையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அக்கா நடுவரிசையிலிருந்து இறங்கிப் போய், தளத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கலாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து தன் பக்கத்தில் நிறுத்தினார். கலாவுக்குச் சுத்தமாக விருப்பமில்லை. அந்தப் படத்தில் எல்லாரும் சிரிக்க, கலா மட்டும் முந்தானையால் பாதி வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்து நிற்கிறாள். "அக்கா நல்லவங்கதான். ஆனா எனக்கு ஒரே வெக்கமா பூட்ச்சி. கேட்டுட்டு இஸ்துகினு போயிருக்கலாம்" என்று என்னிடம் பிறகு சொன்னாள். நான் அதை அக்காவிடம் சொன்னேன். அவர் கடலை உடைப்பதை நிறுத்தினார். "ஆமா. கேட்டிருக்கணும்" என்றார். எழுந்து போய்க் கலாவிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார்.

இதற்குப் பிறகுதான் அந்தக் குதிரைப்படை எங்களிடம் வந்தது.

சிலுவைப்போர்களைப் பற்றிய ஒரு போர் விளையாட்டு. ஐரோப்பாவிலிருந்து எருசலேமைப் பிடிக்கப் போன படைகள், அவர்களை எதிர்த்து நின்ற படைகள், கோட்டைகள், முற்றுகைகள். இரும்புக் கவசம் போட்ட பெரிய வீரர்களையெல்லாம் சீனியர் பையன்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். பட்டியலில் மீதியாக நின்றது ஒரு வரி. 'துருக்கோபோல்: உள்ளூரில் சேர்க்கப்பட்ட இலேசான குதிரைப்படை, வில்லாளிகள். எதிரிப்படையின் குதிரைவீரனையே நிறம் மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.' அதை நான் அக்காவின் பெயருக்கு நேராகப் போட்டேன். அரை நாள் வேலை என்று கணக்கு.

மறுநாள் அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றபோது திரையில் எந்த உருவமும் இல்லை. எதையோ படித்துக்கொண்டிருந்தார். அதற்கு மறுநாளும் படித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நிறம் மாத்தற வேலைதானே?"

"யாரு நெறத்த மாத்தறது? இவங்க யாருன்னே இன்னும் தெரியல."

அன்று மதியம் கேன்டீனில் சொன்னார். வெளியூரிலிருந்து வந்து நாட்டைப் பிடித்தவர்களுக்கு அந்த ஊர் வெயில் ஆகாது, அந்த ஊர்ச் சண்டையும் பழக்கமில்லை. எதிரி தூரத்திலிருந்து குதிரைமேல் வந்து அம்பு விட்டுவிட்டு ஓடிவிடுவான். அவனைத் துரத்த அவனைப் போலவே ஓட்டத் தெரிந்த ஆட்கள் வேண்டும். அதற்காக உள்ளூரில் ஆள் எடுத்தார்கள். துருக்கோபோல் என்றால் துருக்கரின் பிள்ளைகள் என்று அர்த்தமாம். ஆனால் எல்லாரும் துருக்கர் இல்லை. சிலர் பரம்பரையாக அந்த மண்ணிலேயே இருந்த கிறிஸ்தவர்கள். சிலர் மதம் மாறியவர்கள். சிலருக்கு அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம்.

"முன்னால போயி எதிரி எங்க கீறான்னு பாத்துட்டு வர்றது இவங்க வேல. சண்டையில மொத அம்பு வாங்கறதும் இவங்கதான். மாட்டிக்கினா பெரிய வீரனுக்குப் பணம் குடுத்து மீட்டுக்கினு போவாங்க. இவங்கள அங்கியே வெட்டிடுவாங்க. எங்க ஆளா இருந்துகினு அந்தப் பக்கம் போயிட்டியேன்னு."

"இந்தப் பக்கமாவது நல்லா வச்சிருந்தாங்களா?"

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "சாமியாரா இருந்துகினே சண்ட போட்ட வீரனுங்களுக்குன்னு மடம் மாதிரி வெச்சிருந்தாங்க இல்ல, அதுல சட்டமே எழுதி வெச்சிக்கிறாங்க. இவங்களுக்குச் சாப்பாட்டு மேசை தனி."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, கை கழுவப் போகும் வழியில், வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல அவருடைய அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் தாத்தா காலம்வரை அவர்கள் குடும்பம் மதுராந்தகத்தில் ஏரிப் பாசனத்து நிலங்களில் கூலிக்கு நட்டு அறுத்த குடும்பம். அப்பா எட்டாவது படித்து ஒரு ஆபீஸில் பியூன் ஆனார். அதிகாரி ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தலுக்கு வாழைமரம் கட்டியது முதல் எல்லா வேலையும் அவர்தான். சாப்பாட்டு நேரத்தில் அவருக்கும் கூடப் போயிருந்த சின்னப் பெண்ணுக்கும் பின்பக்கம் ஜெனரேட்டர் ஓடும் இடத்தில் இலை போட்டார்கள். "நான் பாயசம் கேட்டேன். அப்பா உள்ள போயி ரொம்ப நேரம் நின்னுட்டு வாங்கியாந்தாரு. ஜெனரேட்டர் சத்தத்துல அவரு இன்னா சொல்லிக் குடுத்தாருன்னே காதுல வுழல" என்றார். கை கழுவிவிட்டு, "இந்தப் பசங்கள நான் நெறம் மாத்த மாட்டேன்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கரண்ட் இல்லை, லிஃப்ட் ஓடாது என்பதுபோலச் சொன்னார்.

குதிரையின் மேல் உட்கார்ந்து வில் இழுக்கும்போது ஒருவனுடைய தோள் எப்படித் திரும்பும், முழங்கால் எப்படி இறுகும் என்று அவருக்குப் பார்க்க வேண்டியிருந்தது. இணையத்தில் கிடைத்த படங்கள் போதவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் போனார். கடற்கரையில் சுற்றுலா வந்தவர்களைக் குதிரையில் ஏற்றிக் கொஞ்ச தூரம் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடும் ஒருவரைப் பிடித்தார். ஒல்லியான மனிதர், தலையில் வெளிறிப்போன தொப்பி. குதிரைக்குச் சிட்டு என்று பெயர். நெற்றியில் சுண்ணாம்பு தீற்றியதுபோல ஒரு வெள்ளைக் கோடு.

அக்கா பையிலிருந்து வில்லை எடுத்தார். பிளாஸ்டிக் பைப்பை வளைத்து நைலான் கயிறு கட்டியிருந்தார்.

"இன்னா மேடம் இது?" என்றார் குதிரைக்காரர்.

"நீ குதிரய ஓட்டிக்கினே இத இஸ்து வுடணும், அண்ணாத்த. அம்பு கெடயாது. சும்மா இஸ்தா போதும்."

"ஓட்டிக்கினேவா? அப்ப கடிவாளத்த யாரு புடிக்கறது?"

"அதத்தான் நானும் பாக்கணும்."

குதிரைக்காரர் சுற்றிலும் பார்த்தார். தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்திருப்பார். பிறகு ஏறினார். முதல் தடவை வில் தொப்பியைத் தட்டிவிட்டது. இரண்டாவது தடவை சிட்டு நேராக மாங்காய் வண்டிக்குப் போய் நின்றுவிட்டது, வண்டிக்காரம்மா கத்தினாள். அதற்குப் பிறகு அவருக்கே ஒரு ரோஷம் வந்துவிட்டது. கடிவாளத்தை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் விட்டுவிட்டு, முழங்காலால் இறுக்கிக்கொண்டு, அலை வந்து போகும் ஈரமணலில் குதிரையை விரட்டினார். பாதித் தூரத்தில் இடுப்பிலிருந்து மேலே மட்டும் பின்னால் திரும்பி வில்லை இழுத்தார். கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அக்கா போனில் படம் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடினார். கடிகாரமும் செருப்பும் சேலையும் நனைய, அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

மூச்சு வாங்க இறங்கியவர், குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். "யாருக்கோசரம் மேடம் இதெல்லாம்?"

அக்கா மணலில் உட்கார்ந்து, படை வந்தது, ஊர் பிடித்தது, ஆள் எடுத்தது எல்லாவற்றையும் சொன்னார். அவர் பீடியைப் பற்ற வைக்காமலே விரலில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப இவன் யாரு பக்கம்?"

"இந்தப் பக்கம் சம்பளம். அந்தப் பக்கம் சொந்தம்."

"பேஜாரான பொழப்பு" என்றார் அவர்.

அடுத்த இரண்டு வாரத்தில் அக்காவின் திரையில் அந்தப் படை மெல்ல மெல்ல எழுந்தது. பஞ்சு வைத்துத் தைத்த அங்கி, சின்ன வில், இடுப்பில் அம்புக்கூடு. தலையில் சிலருக்குத் துணி, சிலருக்கு இலேசான இரும்புத் தொப்பி. ஆனால் நான் பார்த்தது முகங்களைத்தான். ஒவ்வொருவனுக்கும் தனி முகம். முன்னால் வருபவன் மாமல்லபுரத்துக் குதிரைக்காரர், அவருக்குக் கீழே நெற்றியில் வெள்ளைக் கோடோடு சிட்டு. அவருக்கு இடப்பக்கம் வேன் ஓட்டுநர். பின்னால் செக்யூரிட்டி. தாடி மீசையோடு ஒருவன் யாரோ தெரிந்தவன்போல இருக்கிறானே என்று உற்றுப் பார்த்தால், கலா. வரிசையின் கடைசியில், தோளைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டு குதிரைமேல் இருந்தவரை எனக்குத் தெரியவில்லை.

"எங்கப்பா" என்றார் அக்கா. "செத்து நாலஞ்சு வருசம் ஆவுது."

மேனேஜர் தலையில் கை வைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு முகத்தைச் செய்து எல்லாருக்கும் ஒட்டியிருந்தால் எப்போதோ முடிந்திருக்க வேண்டிய வேலை. "அக்கா, ஆடறவன் இதையெல்லாம் மேல இருந்து பாப்பான். அவனுக்கு எறும்பு மாதிரி தெரியும். எந்த எறும்புக்கு எந்த மூக்குன்னு யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்கறேன் இல்ல?" என்றார் அக்கா.

அந்த வாரம் வெளிநாட்டுக் கம்பெனியோடு வீடியோ அழைப்பு. அந்தப் பக்கம் இருந்த பெண்மணி எங்கள் வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், துருக்கோபோல்கள் வந்ததும் நிறுத்தினார். பெரிதாக்கச் சொன்னார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு, இவர்கள் உண்மையான மனிதர்களா என்று கேட்டார். மேனேஜர் சட்டென்று மைக்கை அணைத்துவிட்டு அக்காவைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டச் சொல்லிச் சைகை செய்தார். அக்கா கையை நீட்டி மைக்கைத் திறந்து, ஆமாம் என்றார்.

அந்தப் பெண்மணி கோபப்படவில்லை. முகங்கள் மிக நன்றாக இருக்கின்றன, ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவரைக் கேட்காமல் இதில் வைக்க முடியாது, இறந்தவராக இருந்தால் குடும்பத்தைக் கேட்க வேண்டும், வார முடிவுக்குள் எல்லாரும் சம்மதித்தால் வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் எதிரிப்படை வீரனையே நிறம் மாற்றிவிடலாம் என்றார்.

அக்கா ஒருவர் விடாமல் போய்க் கேட்டார். போனில் கேட்கவில்லை. நேரில் போய், லேப்டாப்பைத் திறந்து காட்டி, இது விளையாட்டு, இதில் சண்டை நடக்கும், நீ சாவாய், ஆடுகிறவன் மறுபடி ஆடினால் மறுபடி சாவாய், சரியா என்று மறைக்காமல் கேட்டார். வேன் ஓட்டுநர் தன் பேரனுக்குக் காட்ட ஒரு படம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுச் சரி என்றார். கலா திரையைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னாக்கா, எனக்குத் தாடி வெச்சிக்கீற? எங்க வூட்டுக்காரர் பாத்தா பயந்துடுவாரு. வுடு, இருக்கட்டும்" என்றாள். அவள் முந்தானையால் வாயை மூடவில்லை.

குதிரைக்காரர்தான் யோசித்தார்.

"நான் சாவறது சரி. சிட்டு?"

"குதிரயும்தான், அண்ணாத்த. குதிர வுழாம நீ எப்படி வுழுவ?"

"அப்ப சிட்ட எடுத்துடு மேடம். வேற எதுனா குதிரய போடு. நான் வோணா எத்தினி தபாவும் சாவறேன்."

அக்கா அங்கேயே மணலில் உட்கார்ந்து, நெற்றியில் இருந்த வெள்ளைக் கோட்டை அழித்து, குதிரையின் நிறத்தையும் மாற்றிக் காட்டினார். அவர் குனிந்து நன்றாகப் பார்த்து, இது வேறு குதிரைதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே தலையாட்டினார்.

இந்தக் கட்டுரையில் அக்காவின் பெயரை நான் எழுதாமல் இருப்பதும் இதனால்தான். அந்தக் கம்பெனி பிறகு மூடப்பட்டு நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போனோம். அவர் ஐதராபாத்தில் இருப்பதாகக் கேள்வி. பழைய எண்ணில் கிடைக்கவில்லை. கேட்காமல் அவரை ஒரு இடத்தில் கொண்டுவந்து நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாகக் கேட்க வேண்டியது அவருடைய அம்மாவை. "நீயும் வா. தனியா கேட்டா எனக்கு வாய் வராது" என்றார். அவர் எதையும் கேட்கத் தயங்கி நான் கண்டதில்லை. மதுராந்தகத்தில் இறங்கி, ஏரிக்கரையை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்தோம். சின்ன மாடி வீடு. அந்த அம்மா அப்போதுதான் சர்ச்சில் ஜெபம் முடிந்து வந்திருந்தார். நாஸ்தா சாப்பிட்டால்தான் பேச்சு என்று எங்களை உட்கார வைத்து இட்லி போட்டார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் லேப்டாப்பை வைத்து அக்கா திறந்தார்.

குதிரைமேல், பஞ்சு அங்கியோடு, கையில் வில்லோடு அவர் கணவர். அந்த அம்மா முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுபோனார். அந்தக் குறுகிய தோளைத் தொட்டார். திரையில் விரல் பட்டு ஈரம் பதிந்தது.

"யாருகூட சண்ட?"

"அது பெரிய கதம்மா. வெளியூர்க்காரங்க வந்து ஊரப் புடிச்சிக்கினாங்க. அவங்களுக்கு உள்ளூர்ல குதிர ஓட்டறவங்க வேண்டியிருந்திச்சி. இவரு அதுல சேந்துட்டாரு."

"இவரு இன்னாத்துக்கு அதுல சேந்தாரு?"

"வேலைம்மா."

"வேலன்னா போய்த்தான் ஆவணும்" என்று அந்த அம்மா ஒப்புக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுல செத்துடுவாரா?" என்றார்.

அக்கா அம்மாவைப் பார்க்காமல் திரையைப் பார்த்துச் சொன்னார். "ஆடறவங்க கையில கீதும்மா. சில பேரு பத்திரமா வெச்சிப்பாங்க. சில பேரு முன்னால அனுப்பிடுவாங்க."

"ஒரு தபா நான் பாத்துட்டேன்" என்றார் அந்த அம்மா. "திரும்பத் திரும்ப இன்னாத்துக்கு?"

தெருவில் யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. அக்கா லேப்டாப்பை மூடப் போனார். அந்த அம்மா கையால் தடுத்தார்.

"எடுத்துடாத. வேற எங்கனா வை. ஆயுசுக்கும் ஆபீஸுல நின்னுகினே இருந்த மனுசன். எங்கனா ஒக்கார வை."

"குதிர மேல ஒக்காந்துதானம்மா கீறாரு."

"அது ஒக்கார்றதா? சும்மா ஒக்காரணும்."

ரயிலில் திரும்பும்போது அக்கா எதிரில் இருந்தவர்களை ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை, வரிசையின் கடைசியில் இருந்தவருக்கு வேறு முகம் வந்திருந்தது. புதிதாக ஒரு முகம். யாருடையதும் இல்லை என்று சொல்ல அவருக்கு மனமில்லாமல், "இவன் யாருன்னு இன்னும் எனக்குத் தெரியல" என்று மட்டும் சொன்னார். அந்த விளையாட்டில் இரண்டு போர்களுக்கு நடுவில் ஒரு முகாம் வரும். கூடாரங்கள், அடுப்புப் புகை, கட்டிப்போட்ட குதிரைகள். அங்கே ஈச்சமரத்தடியில் ஒருவர், காலணியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வில் இல்லை. அவரை யாரும் போருக்கு அழைக்க முடியாதபடி அக்கா செய்திருந்தார். அந்த வெளிநாட்டுப் பெண்மணியிடம் காட்டியபோது, இவர் யார் என்று கேட்டார். துருக்கோபோல்தான், இன்று ஓய்வு என்றார் அக்கா. சரி என்றார் அவர். படை முழுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

வேலையெல்லாம் அனுப்பிவிட்ட பிறகு, ஒரு சனிக்கிழமை கம்பெனியில் குடும்ப தினம் வைத்தார்கள். பிள்ளைகள் நாற்காலியில் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் அம்மா கஞ்சி மொடமொடக்கும் நூல் சேலையில் வந்திருந்தார். நான் அவரைப் பெரிய திரைக்கு எதிரில் உட்கார வைத்து டீ கொண்டுவந்து கொடுத்தேன். சீனியர் பையன் ஒருவன் விளையாட்டை ஓட்டிக் காட்டினான். கோட்டைச் சுவர் இடிந்தது, கவச வீரர்கள் பாய்ந்தார்கள். அந்த அம்மா எதற்கும் அசையவில்லை. முகாம் வந்ததும், "தம்பி, இங்கியே வுடு" என்றார். அவன் விட்டான்.

முகாமில் பகல் வேகமாக ஓடும். சில நிமிடங்களில் காலை போய் மாலை வந்துவிடும். அந்த அம்மா டீயைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தார். உட்கார்ந்திருந்தவர் எப்போதாவது கையால் முழங்காலைத் தடவினார். அதைப் பார்த்து அந்த அம்மாவும் தன்னையறியாமல் தலையாட்டிக்கொண்டார். அக்கா சுவரில் சாய்ந்து நின்று, திரையைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயிலு மூஞ்சில அடிக்குதேடி" என்றார் அந்த அம்மா.

எல்லாரும் பார்த்தோம். உண்மைதான். காலையில் அவர்மேல் விழுந்த நிழல், சூரியன் நகர நகர மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மதியம் முழுவதும் அவர் வெயிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா அதை யோசிக்கவே இல்லை.

அனுப்பி முடித்த வேலை அது. என் கட்டத்தில் பச்சை அடித்தாகிவிட்டது. அக்கா என்னைப் பார்த்தார். நான் மேனேஜரைப் பார்த்தேன். மேனேஜர் கையில் கேக் தட்டோடு அந்த அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் ஆகும்க்கா?"

"மரத்தத் தள்ளி நட்டா போதும், சார்."

"ஈச்ச மரத்துல இன்னாடி நெழலு இருக்கும்?" என்றார் அம்மா. "வேப்பமரம் வையேன்."

"அந்த ஊர்ல வேப்பமரம் கெடயாதும்மா. அத்திமரம் கீது."

"பைபிள்ல வர்ற அத்தியா?"

"அதேதான்."

"அப்ப அத வை. நல்லாப் படர்ந்து வரும்."

மேனேஜர் கேக் தட்டைக் கீழே வைத்தார். "நட்டுடுங்கக்கா. திங்கக்கிழமை நான் அவங்ககிட்ட பேசிக்கறேன்" என்றார்.

அக்கா போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். ஈச்சமரத்தை எடுத்தார். கிளை தாழ்ந்த, இலை அகன்ற ஒரு அத்திமரத்தைக் கொண்டுவந்து, அவர் முதுகு சாயும்படி நட்டார். கொஞ்சம் கிழக்கே தள்ளினார், மறுபடி மேற்கே இழுத்தார். பிள்ளைகள் சிலர் அவர் நாற்காலியைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு பெரிய திரையில் முகாமைத் திரும்ப ஓட்டினார்கள்.

காலை வந்தது. வெயில் ஏறியது. கூடாரங்களின் நிழல் சுருங்கி, நடுமதியம் ஆகி, அந்தப் பக்கம் நீளத் தொடங்கியது. அந்த அம்மா கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மாலை மங்கும்வரை அத்திமரத்து நிழல் அவர்மேல்தான் இருந்தது. அதைப் பார்த்து முடித்த பிறகுதான் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.